பழைய ஹெக்கல் பசூன் வாங்குவது: வயதைக் கணிப்பதும் உடலைச் சோதிப்பதும்

பசூன் என்பது இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் பெரிய மரக் காற்றுக்கருவி. விற்பனை விளம்பரங்களில் 'ஹெக்கல் பசூன்' என்று போட்டிருப்பதெல்லாம் ஹெக்கல் நிறுவனம் செய்த பசூன் அல்ல. புதிதாக வாங்க வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இன்று உலகில் பெரும்பாலானோர் வாசிக்கும் ஜெர்மன் வகைப் பசூனுக்கே 'ஹெக்கல் முறை' என்று பெயர். அதை எந்தத் தயாரிப்பாளர் செய்திருந்தாலும், பிரெஞ்சு வகையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அப்படிச் சொல்வது வழக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் விளம்பரம் எழுதும் விற்பனையாளர்களும் உண்டு, நன்றாகத் தெரிந்தே எழுதுபவர்களும் உண்டு. ஆகவே தொலைபேசியில் பேசும்போதே "இசைக்கருவியின் உடம்பில் முத்திரை என்ன, எண் என்ன?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பயணச் செலவு மிச்சம்.

உண்மையான ஹெக்கல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரைச் சேர்ந்த பீப்ரிச்சில் உருவானது. கார்ல் அல்மென்ரேடர் என்ற பசூன் கலைஞரும் யோஹான் ஆடம் ஹெக்கல் என்ற கைவினைஞரும் 1831இல் அங்கே பட்டறை தொடங்கினார்கள். யோஹான் ஆடம் 1877இல் இறந்த பிறகு அவருடைய மகன் வில்ஹெல்ம் நடத்தினார். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்ப வழியில்தான் இயங்குகிறது, பசூன்களும் வெளிவருகின்றன. புதியதற்குப் பல பத்தாயிரம் யூரோவும் நீண்ட காத்திருப்பும் தேவை. அதனால்தான் பழையதற்கு இவ்வளவு பெரிய சந்தை.

ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பசூனின் வயது அதன் விலையைச் சொல்லாது. எந்த இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், எந்தச் சுருதியை எதிர்பார்க்க வேண்டும், எந்தத் துண்டு மாற்றப்பட்டிருக்கலாம் என்று சொல்லும். விலையைத் தீர்மானிப்பது உடம்பின் நிலை.

முதலில் பாகங்கள்

பசூனின் உள்துளை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம். அதை மடித்து, சுமார் 134 செ.மீ. உயரமுள்ள கருவியாக்கியிருக்கிறார்கள். சீவாளி செருகும் வளைந்த உலோகக் குழாய் க்ரூக், அமெரிக்காவில் போக்கல் என்பார்கள். நாகசுரத்தில் கெண்டை செய்யும் வேலையைத்தான் இங்கே இதுவும் செய்கிறது, ஆனால் நீளமும் விலையும் பல மடங்கு. அதற்குக் கீழே இடது கை விரல்துளைகள் உள்ள விங் ஜாயின்ட். அடியில் இரண்டு துளைகள் கொண்ட கனத்த பூட் ஜாயின்ட். பூட்டிலிருந்து மேலே ஏறும் லாங் ஜாயின்ட், உச்சியில் பெல். மரம் மேப்பிள். துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்களான கீகள் நிக்கல் சில்வர், மேலே வெள்ளி அல்லது நிக்கல் பூச்சு.

ஒரு முக்கியமான விவரம்: விங் ஜாயின்டின் துளைக்கும், பூட்டில் அதோடு சேரும் சிறிய துளைக்கும் உள்ளே எபோனைட் எனும் கடின ரப்பர் உறை போடப்பட்டிருக்கும். வாசிப்பவரின் மூச்சிலிருந்து வரும் ஈரம் மேப்பிளை அழுகச் செய்துவிடாமல் காக்க, வில்ஹெல்ம் ஹெக்கல் 1880களின் இறுதியில் கொண்டுவந்த ஏற்பாடு இது. புதிய கருவிகளில் எபோனைட்டுக்குப் பதிலாக வேறு பிளாஸ்டிக்கும் வருகிறது. பூட்டின் பெரிய துளை, லாங் ஜாயின்ட், பெல் மூன்றும் வெறும் மரம். பழைய பசூனுக்கு வரும் பெரிய நோய் எல்லாம் இந்த எல்லைக் கோட்டில்தான் தொடங்குகிறது, கீழே விரிவாக வரும்.

வயதைக் கண்டறிதல்

முதல் படி, முத்திரையை வாசிப்பது. ஹெக்கல், பீப்ரிச் என்ற இரண்டு சொற்களும் மரத்தில் அழுந்தப் பதிந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயருக்குக் காலம் சொல்லும் தகுதி உண்டு. பீப்ரிச் 1926இல்தான் வீஸ்பாடன் நகரோடு சேர்க்கப்பட்டது, ஆகவே வீஸ்பாடன் பெயரும் சேர்ந்த முத்திரை இருந்தால் அது பிந்தைய காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பீப்ரிச் மட்டும் இருப்பதால் 1926க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய பெயரைத் தொழிலில் யாரும் எளிதில் விடுவதில்லை.

முத்திரையின் ஆழத்தையும் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூராக இருக்கிறதா, தேய்ந்து கரைந்தாற்போல் இருக்கிறதா? கரைந்திருந்தால் யாரோ பழைய வார்னிஷைச் சுரண்டி, மரத்தையும் சேர்த்து உப்புத்தாள் போட்டு, மறுபடி பூச்சு அடித்திருக்கிறார்கள். புதுப் பொலிவு கண்ணுக்கு அழகு, ஆனால் அந்தப் பளபளப்புக்கு மரத்தின் கனம் செலவாகியிருக்கிறது.

இரண்டாம் படி, வரிசை எண். ஹெக்கல் எண்கள் காலத்தோடு ஏறிக்கொண்டே போகின்றன. பத்தாண்டுக் கணக்கில் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 6 ஆயிரங்கள் (அதாவது 6000 முதல் 6999 வரை) பெரும்பாலும் 1920கள். 7 ஆயிரங்கள் 1930ஐ ஒட்டி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்டவை. 8 ஆயிரங்கள் 1930களின் பிற்பகுதியும் போர்க்காலமும். 9 ஆயிரங்கள் 1950ஐ ஒட்டியவை. 10 ஆயிரங்கள் 1950களின் பின்பாதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை. 11 ஆயிரங்கள் 1960களின் நடுவிலிருந்து 1970களின் முற்பாதி. 12 ஆயிரங்கள் அதற்குப் பிந்தைய பத்தாண்டு. 13 ஆயிரம் 1980களின் பின்பாதியில் தொடங்குகிறது. 3, 4, 5 ஆயிரங்களில் எண் உள்ளவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை.

இதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் நிறுவனத்துக்கே எழுதிக் கேட்பது நல்லது. எண்ணைக் கொடுத்தால் தயாரித்த ஆண்டைத் தங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். கடிதத்தில் எண்ணோடு முத்திரையின் படமும் அனுப்புங்கள். விலை பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், பின்னர் அல்ல.

மூன்றாம் படி, எண்களை ஒப்பிடுவது. பூட், விங், லாங் ஜாயின்ட் என எந்தெந்தத் துண்டில் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் அது ஒன்றாக இருக்க வேண்டும். விங் மட்டும் வேறு எண்ணில் இருந்தால் அது பின்னாளில் மாற்றப்பட்டது. மாற்றியதே குற்றமில்லை. அழுகிய பூட்டுக்குப் பதில் நிறுவனமே செய்துகொடுத்த புதிய பூட் இருந்தால் அது பழையதை விட நன்றாகவே ஒலிக்கலாம். ஆனால் 'முழுவதும் அசல், 1930' என்ற விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஒரு துண்டின் மர நிறம், வார்னிஷ் நிறம், முத்திரை எழுத்தின் அளவு மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தால், எண் இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி, கீ அமைப்பு. இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உயர் டி கீ, உயர் இ கீ, க்ரூக்கின் சிறு துளையை மூடும் விஸ்பர் கீயைப் பூட்டி வைக்கும் பொறி, இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாறி மாறி வாசிக்க உதவும் கூடுதல் டிரில் கீகள், விரல் சறுக்க உதவும் ரோலர்கள் எல்லாம் பின்னாளில் எந்தப் பழைய உடம்பிலும் பொருத்தக்கூடியவை. ஆகவே நவீன கீ இருப்பதை வைத்து 'புதிய கருவி' என்று சொல்ல முடியாது. மாறாக, எதிர்த்திசையில் பாருங்கள்: அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள், மற்றக் கீகளோடு வளைவும் உலோக நிறமும் ஒட்டாத ஒரு கீ, பூச்சின் தேய்மானத்தில் வேறுபாடு. விஸ்பர் கீ அசலாகவே இல்லாமல் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தால் கருவி மிகப் பழையது. அப்படிப்பட்டதை முதல் பசூனாக வாங்காதீர்கள்.

7 ஆயிரம், 8 ஆயிரம் எண்கள் மீது பசூன் கலைஞர்களிடையே ஒரு மோகம் உண்டு, 'போருக்கு முந்தையது' என்ற சொல்லே விலையை ஏற்றிவிடும். அந்தக் காலத்தில் அற்புதமான கருவிகள் வந்தன என்பது உண்மை. சுமாரானவையும் வந்தன. அவற்றில் பல, எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பலர் கையில் பட்டு, துளை பெரிதாக்கப்பட்டு, அரக்கு நிரப்பப்பட்டு, மறுபடி சுரண்டப்பட்டிருக்கின்றன. 1970களில் வந்த, ஒரே இசைக்குழுக் கலைஞர் கவனமாக வைத்திருந்த கருவி பல நேரங்களில் சிறந்த கொள்முதல்.

சுருதி

மிகப் பழைய கருவியாக இருந்தால் அது எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழும். இன்றைய இசைக்குழுக்கள் ஏ = 440 அல்லது 442இல் (ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வாசிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 435உம் இருந்தது, ராணுவ இசைக்குழுக்களில் 452 அளவிலான 'ஹை பிட்ச்'உம் இருந்தது. 435க்கும் 440க்கும் இடைவெளி சுமார் 20 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு), க்ரூக்கை மாற்றிச் சமாளிக்கலாம். 452க்கும் 440க்கும் இடைவெளி சுமார் 47 சென்ட், ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி. நீண்ட க்ரூக் போட்டு மொத்தத்தையும் கீழே இறக்க முயன்றால் ஸ்வரங்களுக்கு இடையேயான உறவே குலையும். ஹை பிட்ச் கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் அது சுவரில் மாட்ட மட்டும் உதவும்.

வெள்ளை வளையம்

ஜெர்மன் பாணிப் பெல்லின் உச்சியில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். பழைய கருவிகளில் அது யானைத் தந்தம், புதியவற்றில் பிளாஸ்டிக். தந்தமா என்று அறிய, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வளையத்தின் குறுக்குவெட்டு தெரியும் பகுதியைப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் வளைந்த கோடுகள், ஷ்ரெகர் கோடுகள் என்பார்கள், தெரிந்தால் அது தந்தம். எலும்பில் சிறு புள்ளிகளும் துளைகளும் தெரியும். பிளாஸ்டிக்கில் எதுவும் இருக்காது, அல்லது இணையான கோடுகள் மட்டும் இருக்கும்.

தந்தம் என்றால் எல்லை தாண்டுவது சிக்கல். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணைக்கு ஆப்பிரிக்க யானை 1990இல் மாற்றப்பட்டது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் இரண்டிலும் தந்த வணிகம் கடுமையாக முடக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்த வணிகத்தையே தடை செய்கிறது. கலைஞர்கள் சொந்தக் கருவியோடு பயணம் செய்ய இசைக்கருவிச் சான்றிதழ் என்ற ஏற்பாடு உண்டு, ஆனால் வாங்கி விற்பதற்கு அது போதாது. ஆகவே வேறு நாட்டில் வாங்குவதாக இருந்தால், விற்பவரிடமே அந்த வளையத்தைக் கழற்றி செயற்கை வளையம் போட்டுத் தரச் சொல்லுங்கள், பழுதுபார்த்தவரின் ரசீதைக் கருவியோடு வைத்துக்கொள்ளுங்கள். வளையம் மாறினால் ஒலி கெடும் என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

பூட் ஜாயின்ட்: இங்கே நேரம் செலவழியுங்கள்

சோதனைக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: சிறிய பென்சில் டார்ச், லென்ஸ், ஒரு கட்டு சிகரெட் காகிதம், சுருதி காட்டும் ட்யூனர், உங்களுக்குப் பழகிய இரண்டு மூன்று சீவாளிகள், முடிந்தால் நம்பகமான ஒரு க்ரூக். கூடவே பசூன் வாசிக்கத் தெரிந்த ஒருவர். கசிவுச் சோதனைக்கு எப்படியும் இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

பூட்டின் அடியில் ஓர் உலோகத் தொப்பி இருக்கும். விற்பவரின் அனுமதியோடு அதைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு துளைகளையும் இணைக்கும் யு வடிவக் குழாய், கார்க் அல்லது ரப்பர் வாஷரோடு பிடிப்பில் இருக்கும். வாசிக்கும்போது சேரும் தண்ணீர் இங்கேதான் தேங்குகிறது. வாசித்து முடித்ததும் இந்தத் தண்ணீரை எபோனைட் உறை உள்ள சிறிய துளை வழியாகக் கவிழ்த்து வெளியேற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் அப்படிச் செய்யாமல், தண்ணீரோடு பூட்டைப் படுக்க வைத்திருந்தால், ஈரம் உறை இல்லாத பெரிய துளைப் பக்கம் ஓடி மேப்பிளைத் தின்னும். பூட் அழுகல் என்பது இதுதான்.

யு குழாயைக் கழற்றி, பெரிய துளையின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரோக்கியமான மரம் பழுப்பாக, மழமழப்பாக இருக்கும். அழுகிய மரம் கறுத்து, நார் நாராக எழுந்து நிற்கும், அல்லது பஞ்சுபோல் இருக்கும். ஒரு மரக்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாக அழுத்துங்கள், அமுங்கினால் அழுகல். மூக்கையும் பயன்படுத்துங்கள்: புளித்த, பூஞ்சை வாடை வந்தால் கேள்விகளைக் கூட்டுங்கள். கறுப்பு நிறம் மட்டும் இருந்து மரம் கெட்டியாக இருந்தால் அது எண்ணெய்க் கறையாகவும் இருக்கலாம். நிறத்தை விடக் கெட்டித்தன்மையே அளவுகோல்.

அழுகல் சிறிதாக இருந்தால், கெட்ட மரத்தைக் கடைந்தெடுத்து உள்ளே ஓர் உறை செருகி, துளையை மறுபடி அளவுக்குக் கடையலாம். அது பசூன் வேலையில் கைதேர்ந்தவர் மட்டும் செய்யக்கூடியது, செலவு அதிகம். அழுகல் ஸ்வரத் துளைகள் வரை ஏறியிருந்தால் புதிய பூட்தான் வழி. அந்தச் செலவை விலையில் கழிக்காமல் வாங்கக் கூடாது.

பூட்டின் மேல் வாயில் உள்ள உலோகப் பட்டையைச் சுற்றிலும் பாருங்கள். தளர்ந்து ஆடினால் மரம் சுருங்கியிருக்கிறது. விங்கையும் லாங் ஜாயின்டையும் பல ஆண்டுகளாக வலிந்து திணித்திருந்தால் இங்கிருந்து கீழ்நோக்கி விரிசல் ஓடும்.

மற்றத் துண்டுகள்

விங் ஜாயின்டில் மூன்று விரல்துளைகளும் கனத்த மரத்தினூடே சாய்வாகப் போகின்றன. அந்தத் துளைகளுக்கு இடையே, நீளவாக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். உள்ளே எபோனைட் சுருங்காது, வெளியே மேப்பிள் சுருங்கும், அந்த இழுவிசையில்தான் விங் வெடிக்கிறது. துளை விளிம்பில் நகப்பூச்சுபோல மினுங்கும் பூச்சு இருந்தால் யாரோ அந்த ஸ்வரத்தைத் தாழ்த்த முயன்றிருக்கிறார்கள். கத்திச் சுரண்டல் தடம் இருந்தால் உயர்த்த முயன்றிருக்கிறார்கள். எபோனைட் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறி கந்தக வாடை வீசுவது வயதின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

லாங் ஜாயின்டையும் பெல்லையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நேராக இருக்கின்றனவா என்று துளை வழியே பாருங்கள். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளைகளும் அருகே மாவுபோன்ற தூளும் இருந்தால் மரப்புழு. தூள் புதிதாக உதிர்ந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பெட்டியை உங்கள் வீட்டு மரச் சாமான்கள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகும் முனைகளில் கார்க் அல்லது மெழுகு தடவிய நூல் சுற்றியிருக்கும். நூலானால் உங்களுக்கு வசதி, வெயில் காலத்தில் ஒரு சுற்று கூட்டலாம், மழைக் காலத்தில் குறைக்கலாம். ஆடாமல், ஆனால் கை அழுத்தத்திலேயே உள்ளே போக வேண்டும்.

கீகளில் பூச்சு தேய்ந்திருப்பது வெறும் தோற்றம், விலை பேச உதவும், அவ்வளவுதான். ஒவ்வொரு கீயையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அச்சும் குழாயும் தேய்ந்திருக்கின்றன, பழுதுபார்ப்பவர் இறுக்க முடியும். கீயைத் தாங்கும் தூண் மரத்திலேயே சுழன்றால் திருகுத் துளை கெட்டிருக்கிறது, அது கொஞ்சம் பெரிய வேலை. கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தைகளான பேட்கள் காய்ந்து, நடுவில் ஆழமான வளையத் தடத்தோடு இருந்தால் முழுதும் மாற்ற வேண்டும். பேட்டின் கீழே சிகரெட் காகிதக் கீற்றை வைத்துக் கீயை மூடி மெல்ல இழுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு பிடிமானம் தெரிய வேண்டும்.

கசிவு

க்ரூக்கைக் கழற்றிவிட்டு விங்கை எடுங்கள். கீழ்த் துளையை உள்ளங்கையால் அடைத்து, மூன்று விரல்துளைகளையும் விரல்களால் மூடி, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். வெற்றிடம் குறைந்தது 5 விநாடி நிற்க வேண்டும், நாக்கை எடுக்கும்போது 'டப்' என்று ஓசை வர வேண்டும். உடனே காற்று ஏறினால் பேட் அல்லது விரிசல்.

பூட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆட்காட்டி, நடுவிரல் துளைகளை மூடி, ஜி தட்டுக் கீ, கட்டைவிரல் பக்கத்து வட்டமான இ கீ, சிறுவிரலின் எஃப் கீ மூன்றையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பெரிய வாயைக் கையால் அடைத்துச் சிறிய வாயில் உறிஞ்ச வேண்டும். பூட் கசிந்தால் முதலில் யு குழாய் வாஷரைச் சந்தேகப்படுங்கள், புதுப்பிக்க மலிவு. லாங் ஜாயின்டில் இடது கட்டைவிரலின் அடிக் கீகளை எல்லாம் அழுத்திக்கொண்டு இதேபோல் செய்யலாம்.

கசிவு இருக்கும் கருவியை வாசித்துப் பார்த்து ஒலியை எடைபோடாதீர்கள். எந்தப் பசூனும் கசிந்தால் கீழ் ஸ்வரங்களில் திக்கும். ஆகச் சிறந்த கருவியும் சுமாராகவே கேட்கும், அதுவே மலிவாக ஒரு நல்ல கருவி கிடைக்கும் வாய்ப்பாகவும் அமைவதுண்டு.

க்ரூக்

பழைய ஹெக்கல் க்ரூக்குகளுக்குத் தனிச் சந்தை இருக்கிறது, கருவியோடு வந்த நல்ல க்ரூக்கை எடுத்துத் தனியே விற்றுவிட்டு, மலிவானதைப் பெட்டியில் வைத்துத் தருவது நடக்கிறது. 'அசல் க்ரூக்குகள் எத்தனை, அவற்றில் என்ன பொறித்திருக்கிறது' என்று எழுத்தில் கேளுங்கள். பொறித்த எழுத்து வகையைக் குறிக்கும், எண் நீளத்தைக் குறிக்கும்: 0, 1, 2, 3 என்று எண் ஏற ஏற நீளம் கூடும், சுருதி இறங்கும். பெரும்பாலும் 1, 2 ஆகிய எண்கள்தான் புழங்குகின்றன.

சோதிக்க, முனையையும் பக்கத்துச் சிறு துளையையும் விரல்களால் அடைத்து, க்ரூக்கைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதுங்கள். உட்பக்கம் ஓடும் பற்றவைப்புக் கோட்டில் குமிழி வந்தால் விரிசல். அடுத்து சிறு துளை. அழுக்கு அடைந்தால் நடு ஸ்வரங்கள் தொடங்கும்போது கரகரக்கும். யாராவது ஊசியால் குத்திப் பெரிதாக்கியிருந்தால் ஸ்வரங்கள் நிலையாக நிற்காது. சுத்தம் செய்ய மெல்லிய நைலான் இழை போதும்.

வாசித்துப் பார்த்தல்

15 நிமிடம் வாசித்துக் கருவி சூடான பிறகே ட்யூனரைப் பாருங்கள். உங்கள் சீவாளி, உங்கள் க்ரூக். பின்னர் அவர்களுடைய க்ரூக்.

ஆக அடியில் உள்ள பி ஃபிளாட்டிலிருந்து எஃப் வரை, முடிந்தவரை மெதுவான ஒலியில், நாக்கால் தொட்டுத் தொடங்கிப் பாருங்கள். ஸ்வரம் உடனே ஒலித்தால் கசிவில்லை, பூட் நன்றாக இருக்கிறது. பிறகு மத்திய சி-க்குக் கீழே உள்ள திறந்த எஃப், அதை ஒட்டிய எஃப் ஷார்ப், ஜி. இந்த ஜி பல பசூன்களில் மேலே ஏறும். அதற்குக் கீழே சி ஷார்ப்பும் ஏறும் குணமுள்ளது, இ ஃபிளாட் தள்ளாடும். இவை ஜெர்மன் பசூனின் பிறவிக் குணங்கள், விரல் மாற்றியும் உதட்டாலும் சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாத அளவுக்கு ஒரே ஒரு ஸ்வரம் 25, 30 சென்ட் விலகினால் அந்தத் துளையை யாரோ கெடுத்திருக்கிறார்கள். எல்லா ஸ்வரமும் ஒரே திசையில் 10 சென்ட் விலகினால் க்ரூக் நீளம் பொருந்தவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மத்திய சி-யைச் சுற்றியுள்ள ஏ, பி ஃபிளாட், பி, சி ஆகியவற்றுக்கு இடது கட்டைவிரலால் மேல் கீகளைத் தட்டி உதவுவது வழக்கம். தட்டிய பிறகும் கீழ் ஒலிக்கே விழுந்துகொண்டிருந்தால் விஸ்பர் கீ பேடையும் க்ரூக் துளையையும் சோதியுங்கள்.

விலை, ஒப்பந்தம், வீட்டுக்குக் கொண்டுவருதல்

சில நாள் சோதனைக் காலம் தராத விற்பனையாளரிடம் ஹெக்கல் விலையில் எதுவும் வாங்க வேண்டாம். அந்த நாட்களில் பசூனுக்கென்றே வேலை செய்யும் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கிளாரினெட் பழுதுபார்ப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் பூட் அழுகலைச் சரியாக மதிப்பிட மாட்டார். முழு ஓவர்ஹாலுக்குச் சில ஆயிரம் யூரோ ஆகும் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். ரசீதில் வரிசை எண், க்ரூக்குகளின் எண்ணிக்கையும் பொறிப்பும், வளையம் என்ன பொருள் என்பது மூன்றும் இருக்கட்டும். திருட்டுப் போன கருவியா என்பதை அறியவும் எண் உதவும், முந்தைய உரிமைக்குச் சான்று கேட்கத் தயங்காதீர்கள்.

விமானத்தில் சரக்காகப் போடாதீர்கள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரக் காற்றுள்ள ஊருக்கு வரும் பசூனின் இணைப்பு முனைகள் உப்பி இறுகும், பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். நூல் சுற்றைக் குறையுங்கள், பெட்டியைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். டொராண்டோ மாதிரி குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஊரில் இதற்கு நேர்மாறு, மரம் சுருங்கிப் பட்டைகள் தளரும். அங்கே பெட்டிக்குள் ஈரப்பதம் கொடுக்கும் சிறு குப்பி வேண்டும்.

ஹெக்கல் கைக்கு எட்டாவிட்டால்

பள்ளி இசைக்குழுவில் தொடங்கும் பிள்ளைக்கு ஹெக்கல் தேவையே இல்லை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ரெனார்ட் வரிசை நல்ல தொடக்கம், பிளாஸ்டிக் உடம்பில் வருவது ஈரக் காலநிலைக்கு இன்னும் ஏற்றது. சிகாகோ சிம்பொனியின் முதன்மைப் பசூன் கலைஞராக இருந்த ஹ்யூகோ ஃபாக்ஸ் 1949இல் இண்டியானாவின் சவுத் விட்லியில் தொடங்கிய நிறுவனம் அது. ஐரோப்பாவில் ஷ்ரைபர், பூக்னர் கருவிகள் நிறையக் கிடைக்கும்.

இவற்றின் வயதுக்கு ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் சாட்சி. பூக்னர் குடும்பம் 1897இல் போஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஷோன்பாக்கில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் நவ்ஹைமுக்கு இடம் பெயர்ந்தது. நவ்ஹைம் என்று பொறித்திருந்தால் போருக்குப் பிந்தையது. ஷ்ரைபர் தொடங்கியதே 1946இல். 'மேற்கு ஜெர்மனி' என்றோ 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்றோ எந்தக் கருவியில் பொறித்திருந்தாலும் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918க்குப் பிறகு. பூட் சோதனையும் கசிவுச் சோதனையும் இவை எல்லாவற்றுக்கும் அதேதான், பிளாஸ்டிக் உடம்பானால் அழுகல் பகுதியை மட்டும் தாண்டிவிடலாம்.